முன் சில்லின் பூட்டு யார் கையில்?

பெரும்போகத்துக்கு முன்னர் கூடுகின்ற எமது கிராமச் சங்கக் கூட்டங்களில் ஆண்டுதோறும் எழுகின்ற ஒரு பேச்சு, பொதுத் தேவைக்கு ஒரு வாகனம் வாங்குவது பற்றியது. உரம் ஏற்றவேண்டும், நெல் மூடை இறக்கவேண்டும், இரவு வேளையில் பிள்ளைத்தாய்ச்சி ஒருவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். லாண்ட்மாஸ்டர் சேற்றில் இழுக்கும். ஆனால் நோயாளியை அதன் பெட்டியில் கிடத்திக் குலுக்கிக்கொண்டு போகமுடியாது. முச்சக்கரவண்டி குளக்கட்டுக்கு இப்பால் நின்றுவிடும். ஆகவே நான்கு சில்லும் இழுக்கின்ற பழைய பிக்-அப் ஒன்றை வாங்குவோம் என்ற முடிவுக்குப் பல சங்கங்கள் வந்திருக்கின்றன. புதியது எமக்கு எட்டாதது. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோதிலும், வரியும் சேர்ந்த விலை ஓர் இடம்பெயர்ந்த கிராமத்தின் சேமிப்புக்குள் அடங்குவதாக இல்லை. எனவே நாட்டுக்குள்ளேயே கைமாறிக்கொண்டிருக்கும் பழைய வாகனங்களுள் ஒன்றைத்தான் நாம் தெரிவுசெய்கிறோம்.

அவ்வாறு தெரிவுசெய்யப் போகிறவர்கள் இயந்திரத்தை முடுக்கிப் புகையைப் பார்க்கிறார்கள். ரயரைத் தட்டிப் பார்க்கிறார்கள். பதிவுப் புத்தகத்தைக் கவனமாக வாசிக்கிறார்கள். இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் நாற்சில்லு இழுவைக்காகவே கூடுதல் விலை கொடுத்து வாங்கும் வாகனத்தில், முன் சில்லுகளுக்கு அந்த இழுவை எவ்வழியாகப் போய்ச் சேருகிறது, அந்த இணைப்பைப் பூட்டுவது யார் என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. கேட்கவேண்டிய கேள்வி அது. என் கருத்தை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: கராஜிலிருந்து தூரத்திலுள்ள ஒரு கிராமத்தின் பொது வாகனத்துக்கு, சில்லின் நடுவேயுள்ள குமிழைக் கையால் திருப்பிப் பூட்டுகின்ற ஹப்பே ஏற்றது. ஆசனத்திலிருந்தபடி நெம்புகோலையோ பொத்தானையோ அசைத்ததும் தானாக இணைந்து விலகும் முன் அச்சு வசதியானதுதான். அந்த வசதி யாருக்கு, எந்த இடத்தில் என்பதை நாம் கேட்டாகவேண்டும்.

பூட்டு எதற்கு?

நாம் வாங்கக்கூடிய பழைய பிக்-அப்புகளில் பெரும்பாலானவை சாதாரணமாகப் பின் சில்லுகளால் மட்டுமே ஓடுகின்றன. கியர்ப்பெட்டிக்குப் பின்னால் இன்னொரு சிறிய பெட்டி உண்டு. இரண்டாவது நெம்புகோலை அசைக்கும்போது அந்தப் பெட்டியே முன்பக்கம் செல்லும் நீண்ட சாப்டையும் இயந்திரத்தோடு சேர்க்கிறது. நெம்புகோலை மீண்டும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தால் முன் சாப்டுக்கு இயந்திரத்தின் தொடர்பு அறுந்துவிடும். ஆனால் முன் சில்லுகள் வீதியில் உருண்டுகொண்டுதானே இருக்கின்றன? சில்லோடு அதன் தண்டு சுழலும், தண்டோடு டிபரன்ஷல் பற்சில்லுகள் சுழலும், அவற்றோடு நீண்ட சாப்டும் சுழலும். வேலை எதுவும் செய்யாமல் இத்தனை இரும்பும் வீணாகச் சுற்றுகிறது. ஒயில் சூடாகிறது, பற்கள் தேய்கின்றன, ஓசை எழுகிறது, சிறிது எரிபொருளும் போகிறது.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினருக்காக வில்லிஸ், போர்ட் கம்பனிகள் செய்த ஜீப் வண்டிகள் இப்படித்தான் ஓடின. போர் முடிந்தபின் மிஞ்சிய ஜீப்புகளை அமெரிக்கக் கமக்காரர்கள் வாங்கினார்கள். வயலுக்கு அவை சிறந்தவை, நெடுஞ்சாலைக்கு உகந்தவையல்ல. 1948இல் சியாற்றில் நகரில் ஆதர் வோர்ன் என்பவர் ஆரம்பித்த சிறு தொழிலகம், அந்த ஜீப்புகளின் முன் சில்லுகளுக்குப் பூட்டித் திறக்கக்கூடிய ஹப்பைச் செய்து விற்றது. குமிழ் 'லொக்' பக்கம் இருந்தால் தண்டின் நுனியும் சில்லும் ஒன்றாகும். 'ப்றீ' பக்கம் இருந்தால் சில்லு தன் பெயாரிங்கில் தனியே உருளும், தண்டும் டிபரன்ஷலும் சாப்டும் அசையாமல் ஓய்ந்திருக்கும். கோடையில் பின் சில்லு வாகனம், மாரியில் நாற்சில்லு வாகனம். ஒரு பல்வளையமும் ஒரு வில்லும் சில ஆணிகளும்தான் இதன் உள்ளே இருப்பவை.

அதே 1948இல் இங்கிலாந்தில் லாண்ட் றோவர் வெளிவந்தது. தன் அங்கிள்சி தீவுப் பண்ணையில் பழைய ஜீப் ஒன்றை வைத்துப் பாடுபட்ட மொறிஸ் வில்க்ஸ் என்பவரின் எண்ணத்தில் உருவான, கமக்காரர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்ட வண்டி அது. அதன் முதல் வண்டிகளில் முன் இழுவை எப்போதும் இணைந்தே இருந்தது. முன் சில்லுகள் வேகமாக உருளும்போது தானாக விட்டுக்கொடுக்கும் ஓர் அமைப்பும் நடுவே இருந்தது. சில ஆண்டுகளுக்குள் அதைக் கைவிட்டு, சாரதியே நெம்புகோலால் இணைத்து விலக்கும் முறைக்கு மாறினார்கள். தானாகச் செய்யும் கருவி என்பது நேற்று வந்த புதுமையல்ல என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

தானாக இயங்குபவை

இவற்றில் பல வகை உண்டு. வாங்கப்போகிறவர் எந்த வகை என்று அறிந்திருப்பது நல்லது. ஒரு வகையில் ஹப்பே தானாகப் பூட்டிக்கொள்ளும். நெம்புகோலை அசைத்ததும் முன் தண்டு சுழலத் தொடங்க, அந்தச் சுழற்சியே உள்ளிருக்கும் சரிவான வளையத்தைத் தள்ளிப் பூட்டுகிறது. விடுவிப்பதற்கு நெம்புகோலைத் திருப்பிவிட்டு வாகனத்தைச் சில அடி பின்னோக்கி ஓட்டவேண்டும். இதன் குறை சேற்றில்தான் தெரியும். புதைந்த வாகனத்தை முன்னும் பின்னும் ஆட்டி எடுக்கிறோம் அல்லவா? அப்படி ஒவ்வொரு தடவையும் திசை மாறும்போது இந்த ஹப் ஒருகணம் விடுபட்டு மறுபடி கடித்துக்கொள்ளும். தூசியும் பழைய கிறீசும் இறுகிப்போன ஹப், கடிக்காமலே விட்டுவிடும். அல்லது பாதி கடித்துப் பற்களைக் கொறித்துவிடும்.

மற்ற வகையில் ஹப்பில் பூட்டே இல்லை. சில்லும் தண்டும் எப்போதும் ஒன்றாகவே இருக்கும். டிபரன்ஷலுக்குப் பக்கத்தில் ஒருபுறத் தண்டு மட்டும் இரண்டு துண்டாக வெட்டப்பட்டு, அவற்றை ஒரு பல்வளையம் சேர்க்கிறது. அந்த வளையத்தைத் தள்ளுவது ஒரு கவைக்கோல். கவைக்கோலைத் தள்ளுவது காற்றுறிஞ்சி இழுக்கும் ஒரு றப்பர் சவ்வு. பிந்திய வாகனங்களில் சிறிய மின்மோட்டர். 1984இல் அமெரிக்காவில் வந்த ஜீப் செரோக்கியில் இத்தகைய ஏற்பாடு இருந்தது. ரொயோட்டாவின் பிக்-அப்புகள் பலவற்றிலும், 1990களின் மிற்சுபிசி பஜெரோவிலும் இதைக் காணலாம். 1998இல் வந்த சுசுகி ஜிம்னியில் காற்றுறிஞ்சும் வேலை சில்லின் ஹப்பிலேயே நடைபெறுகிறது. டீசல் இயந்திரங்களில் இந்த உறிஞ்சுதலைத் தருவதற்கென்று ஒரு சிறு பம்பி உண்டு. யப்பானிய டீசல் வாகனங்கள் பலவற்றில் அது அல்டனேற்றரின் பின்புறத்தில் இருக்கும். பிரேக்குக்கு உதவுவதும் அதே பம்பிதான். ஆகவே பிரேக் மிதி வழமையை விடக் கனமாகிவிட்டால், முன் இழுவையையும் சந்தேகிக்கலாம்.

இந்த இரண்டாவது வகை பற்றி ஒரு விஷயத்தை விற்பவர்கள் சொல்வதில்லை. அது பாதி ஓய்வையே தருகிறது. விலகியிருக்கும்போது டிபரன்ஷலின் பெரிய பற்சில்லும் நீண்ட சாப்டும் ஓய்ந்திருப்பது உண்மை. ஆனால் இருபுறத் தண்டுகளும், அவற்றின் மூட்டுகளும், மூட்டுகளை மூடிய றப்பர் உறைகளும் தார் வீதியிலும் கோடையிலும்கூடச் சுழன்றுகொண்டே இருக்கும். எமது காட்டுப் பாதைகளில் முள்ளுக் கீறி உறை கிழிந்தால், உள்ளே மணல் போய் மூட்டு கெடும். கெட்ட மூட்டோடு வீடு திரும்புவதும் கடினம், ஏனெனில் அதைச் சுழலாமல் நிறுத்த வழியில்லை. கையால் பூட்டும் ஹப் உள்ள வாகனத்திலோ, முன் தண்டு முறிந்தாலும் இரண்டு குமிழையும் 'ப்றீ'க்குத் திருப்பி, நெம்புகோலைப் பின் இழுவைக்கு மாற்றிவிட்டு, பின் சில்லால் மெல்ல மெல்ல வீடு வந்து சேரலாம். வன்னியில் காட்டு நடுவே இரவு நிற்பதா, வீடு சேர்வதா என்பது சிறிய வித்தியாசம் அல்ல.

"சேத்துக்குள்ள ஆர் இறங்கிறது?"

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். இப்பேச்சு எழும் இடங்களிலெல்லாம் இளைஞர்கள் கேட்பது ஒன்றுதான்: "சுவாமி, மழையுக்க இறங்கி, முழங்கால் சேத்துக்குள்ள நிண்டு, குனிஞ்சு ரெண்டு பக்கமும் திருக வேணுமே? உது அந்தக் காலத்து வேலை." ஒரு தாய் கேட்டது அதைவிடக் கனமான கேள்வி. "யானை நிக்கிற றோட்டில, ராவில, பெடியன் இறங்கித்தான் பூட்ட வேணுமெண்டால், அவனை நான் விடுவனோ?" யானையை மட்டும் சொல்வானேன்? 2009க்குப் பின்னர் மீளக்குடியேறிய பல இடங்களில் மிதிவெடி அகற்றப்படாத நிலத்துக்கு நடுவேதான் வீதி போனது. வீதியின் ஓரத்தில் கால் வைக்காதே என்று பிள்ளைகளுக்குக் கற்பித்த எம்மிடம், வீதி ஓரத்தில் இறங்கிச் சில்லைப் பூட்டு என்று சொல்வது பொருந்துமா?

பொருந்தாது. இந்தக் கேள்விக்கு விடை, சேற்றில் இறங்குவதில் இல்லை; புறப்படும் முன் வீட்டு முற்றத்தில் பூட்டிவிடுவதில்தான் உள்ளது. ஹப் பூட்டியிருப்பதால் மட்டும் வாகனம் நாற்சில்லு இழுவைக்கு வந்துவிடுவதில்லை. நெம்புகோல் பின் இழுவையில் இருக்கும்வரை பூட்டிய ஹப்போடு தார் வீதியிலும் தாராளமாக ஓட்டலாம். சிறிது தேய்மானமும் சிறிது எரிபொருளும் கூடப் போகும், அவ்வளவுதான். எனவே மாரி தொடங்கும்போது இரண்டு ஹப்பையும் பூட்டி, தை மாதம் நிலம் காயும்வரை அப்படியே விட்டுவிடுகிற சாரதி ஒருமுறையும் சேற்றில் இறங்கவேண்டியதில்லை. யானைக்கு முன்னும் நிற்கவேண்டியதில்லை. இருக்கையிலிருந்தபடி நெம்புகோலை மட்டும் அசைத்தால் போதும். புதைந்த பின்னர் இறங்குபவன் பூட்டைக் குறைசொல்கிறான். பாதை மாறும் இடத்தை முன்கூட்டி அறிந்தவனுக்கு அந்தத் தொல்லை இல்லை.

தார் வீதியில் செய்யக்கூடாதது வேறு. ஹப் பூட்டிய நிலையில் நெம்புகோலையும் நாற்சில்லு இழுவைக்குப் போட்டுக்கொண்டு ஏ-9 வீதி போன்ற காய்ந்த தார் வீதியில் ஓடுவது கூடாது. வளைவில் முன் சில்லுகள் பின் சில்லுகளை விடச் சற்றுக் கூடுதலான தூரம் போகின்றன. மணலிலும் சேற்றிலும் ரயர் சறுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துவிடும். தாரில் சறுக்க இடமில்லாததால் முறுக்கம் முழுவதும் பற்சில்லுகளில் விழும். இது இரண்டு வகை வாகனங்களுக்கும் பொது. முன் சில்லும் இழுக்கின்ற உழவு இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். வயலை விட்டு வீதிக்கு ஏறியதும் முன் இழுவையைக் கழற்றாவிட்டால், முன் ரயர் இரண்டும் விரைவில் வழுவழுப்பாகிவிடும்.

தானியங்கி ஏற்பாட்டின் உண்மையான நன்மை வேறொன்று. அது மறதியைப் பொறுத்துக்கொள்கிறது. கையால் பூட்டும் ஹப் மறதியைப் பொறுப்பதில்லை. அதிலும் ஒரு பக்கத்தைப் பூட்டி மறுபக்கத்தை மறந்தால், ஒன்றையுமே பூட்டாததற்குச் சமம். டிபரன்ஷல் எப்போதும் இலேசான பக்கத்துக்கே சுழற்சியை விட்டுக்கொடுக்கும். பூட்டாத பக்கத்துத் தண்டு வெறுமனே சுழல, பூட்டிய பக்கத்துச் சில்லு அசையாமல் நிற்கும். பல சாரதிகள் ஓட்டுகின்ற, யாருக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்படாத வாகனமென்றால், தானியங்கியே மேல் என்று வாதிப்பவரோடு நான் சண்டையிடமாட்டேன். நகரத்தில் அலுவலகம் வைத்து, நல்ல கராஜோடு ஒப்பந்தமும் செய்துகொண்டு, மாதம் ஒருதடவை கிராமத்துக்கு வந்துபோகும் நிறுவனங்களுக்கும் அது பொருந்தும்.

எமது நிலைமை அதுவல்ல. இதைக் கேளுங்கள். வன்னியில் குளத்தடிக் கிராமம் ஒன்று, மீளக்குடியேறியபின் ஒரு பிக்-அப் வாங்கியது. தானாக இணையும் முன் அச்சு உள்ள வாகனம். இரண்டு கோடை குறையில்லாமல் ஓடியது. மூன்றாம் மாரியில் குளக்கட்டுக்கு ஏறும் களிமண் சரிவில், பசளை மூடைகளோடு நின்றுவிட்டது. நெம்புகோல் போட்டாயிற்று, முகப்பில் நாற்சில்லுப் படத்துடன் பச்சை விளக்கும் எரிகிறது. சாரதி அந்த விளக்கை நம்பி மேலும் மேலும் மிதிக்க, பின் சில்லுகள் அச்சுவரை தோண்டிக்கொண்டன. வெளியே நின்ற ஒருவர்தான் கண்டார்: முன் சில்லு இரண்டும் ஒருதுளியும் சுழலவில்லை. உழவு இயந்திரம் கட்டி இழுத்து எடுக்க அரைநாள் போயிற்று. மூடைகளில் பாதி நனைந்து கட்டியாயிற்று. பின்னர் பார்த்தால், பெருவிரல் நீளமுள்ள ஒரு றப்பர்க் குழாயை எலி கடித்திருந்தது. அந்த வாகனத்தின் விளக்கு, நெம்புகோல் அசைந்ததை மட்டுமே காட்டுவது. கவைக்கோல் வளையத்தைத் தள்ளியதா என்று அதற்குத் தெரியாது.

குழாயின் விலை அற்பம். அது கடிபட்டது என்பதைக் கண்டுபிடிக்க நகரத்திலிருந்து மெக்கானிக் வரவேண்டியிருந்ததுதான் விலை. என் வாதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கையால் பூட்டும் ஹப்பும் பழுதாகும். வில் முறியும், பல் கொறியும், குமிழ் இறுகும். ஆனால் அது பழுதானால் திருப்பும் கைக்குத் தெரியும்; திறந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியும். சைக்கிள் திருத்தத் தெரிந்த ஒருவர் ஒருமுறை பார்த்துப் பழகினால், ஆறு ஆணி கழற்றி, துடைத்து, மெல்லிய கிறீஸ் பூசி மீண்டும் போட்டுவிடுவார். குழாயிலும் வயரிலும் மோட்டரிலும் ஒளிந்திருக்கும் பழுதைக் கையால் தொட்டு அறிய இயலாது. மின்மோட்டர் வகையில் தண்ணீர் போய்த் தொடுமுனைகள் துருப்பிடித்தால், முழுப்பெட்டியையும் மாற்று என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில்.

இதை எமது மூத்தவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் எரிபொருளும் பற்றறியும் உதிரிப்பாகங்களும் வடக்கே வரவிடப்படவில்லை. அக்காலத்தில் எவை ஓடின? ஒரு துளி பெற்றோலில் முடுக்கி மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் ஓடின. திறந்து பார்த்தால் விளங்குகின்ற, கடைச்சல் பட்டறையில் ஒரு துண்டைச் செய்து போடக்கூடிய இயந்திரங்கள் ஓடின. மற்றவை மாமரத்துக்குக் கீழே நின்று கறையானுக்கு இரையாயின. தடை இல்லாத இன்றும், 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றதையும், டொலர் இல்லாமையால் ஓர் உதிரிப்பாகத்துக்கு மாதக்கணக்காய்க் காத்திருந்ததையும் நாம் மறக்கவில்லை.

வசதியான தானியங்கியை விற்கும் கம்பனிகளே இதை ஒருவகையில் ஒப்புக்கொண்டிருக்கின்றன. போர்ட் கம்பனி 1999இல் வெளியிட்ட பெரிய பிக்-அப்புகளில் காற்றுறிஞ்சிப் பூட்டும் ஹப்பை வைத்தது. அதே ஹப்பின் முகத்தில் கையால் திருப்பும் குமிழையும் விட்டுவைத்தது. குழாய் கைவிட்டாலும் கை கைவிடாது என்று எண்ணினார்கள் போலும். ரொயோட்டாவின் 70 தொடர் லாண்ட் குறூசர் 1984இல் வந்தது, இன்னமும் செய்யப்படுகிறது. பல நாடுகளுக்குப் போகும் அவ்வகை வண்டிகளின் முன் சில்லில் இன்றும் குமிழ் இருக்கிறது. வெள்ளை நிறத்தில் உதவி நிறுவனங்களின் கொடியோடு எமது ஒழுங்கைகளில் ஓடியவற்றுள் இவையும் அடங்கும். அகதிகளுக்கு உதவ வந்தவர்கள் தமக்கென்று தெரிந்தெடுத்தது எந்தப் பூட்டு என்பதைக் கவனிப்பது நல்லது.

எரிபொருள் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் ஹப் உள்ள வாகனத்தைத் தேடவேண்டாம். மிச்சம் உண்டு, ஆனால் சொற்பம். ரயரில் காற்றைச் சரியாக வைத்திருப்பது அதைவிடக் கூடுதலாகத் தரக்கூடும்.

வாங்கப் போகும்போது செய்யவேண்டியது இதுதான். சமதரையில் நிறுத்தி, பின் சில்லுகளுக்குக் கல் வைத்து, கைப்பிரேக்கும் போட்டு, நெம்புகோலைப் பின் இழுவையில் வைத்துக்கொண்டு, முன் சில்லு ஒன்றை ஜக் வைத்துத் தூக்குங்கள். இரண்டு குமிழும் 'ப்றீ'யில் இருக்கையில் தூக்கிய சில்லைக் கையால் சுழற்றினால் அது தனியே சுழலவேண்டும். பின்னர் இரண்டையும் 'லொக்'குக்குத் திருப்பிச் சுழற்றுங்கள். வாகனத்தின் வயிற்றின் கீழே முன்னோக்கிப் போகும் நீண்ட சாப்டும் கூடவே சுழலவேண்டும். சுழலாவிட்டால் பூட்டு பூட்டவில்லை. மறுபக்கத்துச் சில்லையும் தூக்கி இதேபோலப் பார்க்கவேண்டும். விற்பவர் அவசரப்படுத்துவார், அவர் அவசரம் அவருக்கு. குமிழ் விரலுக்கு அசையாமல் குறடு தேவைப்பட்டால், விலையைக் குறைத்துக் கேட்க அது நியாயமான காரணம்.

வாங்கியபின், கோடையிலும் மாதம் ஒருமுறை ஹப்பைப் பூட்டிச் சில மைல் ஓட்டுங்கள். ஓய்ந்தே கிடக்கும் டிபரன்ஷலின் மேற்பாகங்களுக்கு அப்போதுதான் ஒயில் போய்ச் சேரும். ஹப்புக்குள் கிறீசை அப்பி நிரப்பவேண்டாம். அதிக கிறீஸ், குளிர் நேரத்திலும் தூசி சேர்ந்தபின்னும் வளையத்தை நகரவிடாது. வெள்ளத்தைக் கடந்துவந்தால் திறந்து பார்ப்பது நல்லது. 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகள் வெள்ளத்தில் நின்றபோது சில்லு மூழ்க ஓடிய வாகனங்கள் பல. அப்படி ஓடிய ஒன்றின் ஹப்புக்குள் ஒயிலும் தண்ணீரும் கலந்து பால்போல வெண்மையாய் ஏதேனும் இருந்தால், துடைத்து மாற்றாமல் விடக்கூடாது. இவற்றுக்கு ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள். கூட்ட அறிக்கையில் எழுதுங்கள். சங்கத்தின் பொருள் எல்லோருடையதுமாக இருக்கலாம். அதன் கிறீஸ் டப்பா ஒருவருடையதாகத்தான் இருக்கவேண்டும்.

ஏற்கெனவே தானாக இணையும் முன் அச்சு உள்ள வாகனத்தை வாங்கிவிட்ட சங்கங்கள் அதை விற்றுவிட்டு ஓடவேண்டியதில்லை. மழைக்கு முன்னர், புரட்டாதியிலேயே, மென்மணல் உள்ள இடத்தில் நிறுத்தி, நாற்சில்லு இழுவைக்குப் போட்டு, ஒருவரைப் பக்கவாட்டில் சற்றுத் தள்ளி நிற்கவிட்டு மெல்ல மிதியுங்கள். விளக்கைப் பார்க்கவேண்டாம், முன் சில்லு மணலை எறிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். றப்பர்க் குழாய்களை விரலால் மடித்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் எல்லாவற்றையும் ஒரேயடியாய் மாற்றுங்கள். ஒன்றை மாற்றினால் மற்றது அடுத்த மாதம் போகும். சில வகை அச்சுகளில் கவைக்கோலை இணைந்த நிலையிலேயே நிரந்தரமாக நிறுத்திவைக்கவும், காற்றுக் குழாய்க்குப் பதிலாகக் கம்பி வடம் ஒன்றைச் சாரதியின் கைக்குக் கொண்டுவரவும் முடியும். தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் கேளுங்கள். கையால் பூட்டும் ஹப்பை வெளியே வாங்கிப் பொருத்தக்கூடிய வகைகளும் உண்டு, ஆனால் அச்சின் வகைக்கு அது சரிவருமா என்று அறியாமல் பணம் கொடுக்கவேண்டாம். நெல் கொட்டிய சாக்குகளை வாகனத்துக்குப் பக்கத்தில் அடுக்கவும் வேண்டாம். நெல் இருக்கும் இடத்துக்குத்தான் எலி வருகிறது. கழற்றிய பழைய குழாய்த் துண்டுகளை எறிந்துவிடாமல் ஒரு ரின்னில் போட்டு ஆசனத்துக்குக் கீழே வையுங்கள். அடுத்த தடவை வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ கடைக்காரரிடம் அளவு காட்ட உதவும்.